ஏழு பசுக்கள், முப்பது பைண்ட் ஜெல்லி

1909 செப்டம்பரில் எலினோர் ப்ரூயிட் ஸ்டீவர்ட் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலிருந்து ஒரு கடிதம் எழுதினார். டென்வர் நகரில் அவர் முன்பு வீட்டு வேலை செய்த அம்மாளுக்கு எழுதியது அது. மாடுகளின் குளிர்காலத் தீவனத்துக்கான புல் முழுவதையும் குதிரை பூட்டிய இயந்திரத்தால் தானே அறுத்தாராம். தினமும் ஏழு பசுக்களைக் கறந்தாராம். சமையலைப் பெரும்பாலும் இரவில் முடித்தாராம். இதற்கிடையில் முப்பது பைண்ட் ஜெல்லியும் அதே அளவு ஜாமும் செய்து வைத்தாராம். படிக்கும் நமக்கே மூச்சு வாங்குகிறது. அவரோடு அப்போது மூன்று வயது மகள் ஜெரின் இருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டதை அவர் இந்த வேலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அரசும் சேர்க்கவில்லை. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் வரை தந்தது. (அது ஷோஷோனி போன்ற பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் என்பதையும் மறக்க வேண்டாம்.) இருபத்தொரு வயதான தனிப்பெண்ணும் விதவையும் மனுச் செய்யலாம். கணவனோடு வாழும் மனைவிக்கு அந்த உரிமை இல்லை. குடும்பத் தலைவர் அவனே. வீடு கட்டியதற்கும் உழுததற்கும் சாட்சி கேட்டார்கள். பிள்ளை வளர்த்ததற்கு யார் சாட்சி கேட்டார்கள்?

க்ளைட் ஸ்டீவர்ட் என்பவரின் பண்ணைக்கு வீட்டு வேலைக்காக வந்த எலினோர், பக்கத்து நிலத்துக்குத் தன் பெயரில் மனுக் கொடுத்தார். சில நாட்களில் அந்த முதலாளியையே மணந்துகொண்டார். அதைக் கடிதங்களில் ஏறக்குறைய ஓராண்டு மறைத்தார். கணவனும் மனைவியும் தனித்தனிக் குடியிருப்பு காட்ட முடியாது என்பதால், 1912இல் தன் மனுவை மாமியாருக்கு விட்டுக்கொடுத்தார். வரலாற்றாசிரியர் ஷெர்ரி ஸ்மித் இதைப் பற்றி 1991இல் எழுதினார். அதுவரை, தனியாக நிலம் வென்ற பெண் என்றே பலரும் அவரைக் கொண்டாடினார்கள்.

அவர் மறைத்தது கல்யாணத்தை மட்டும் அல்ல. முதல் மகன் ஜேமி கைக்குழந்தையாகவே இறந்தான். பாதிரியார் கிடைக்கவில்லை. கணவர் சவப்பெட்டி செய்தார். எலினோர் அதற்கு உள்ளே துணி தைத்துப் பொருத்தி, இறுதிச் சடங்கையும் தானே நடத்தினார். ஜெல்லிக் கணக்கை உடனே எழுதிய கை, இதை 1912 டிசம்பரில்தான் எழுதியது. அதற்குள் இன்னும் இரண்டு மகன்கள் பிறந்திருந்தார்கள். முன்பு சொல்லத் தாங்கவில்லை என்கிறார். அதை நம்பலாம். ஆனால் ஜேமி இறந்த வாரத்திலும் பசுக்களைக் கறந்துதானே ஆகவேண்டும்? அந்த வாரத்தைப் பற்றி ஒரு வரி கிடைத்தால் முப்பது பைண்ட் ஜெல்லியையும் விட்டுத்தரலாம்.

அடுத்த மாதமே, 1913 ஜனவரியில், உழைக்க அஞ்சாத எந்தப் பெண்ணும் நிலம் எடுத்து வெற்றி பெறலாம், சலவைத் தொட்டியில் செலவிடும் நேரத்தை நிலத்தில் செலவிட்டால் போதும் என்று எழுதினார். அப்போது வீட்டில் ஜெரினும் இரண்டு சின்னப் பையன்களும் இருந்தார்கள். அவர் மனுச் செய்த நிலம் மாமியாருக்குப் போய்விட்டிருந்தது.