தொடக்கப்பள்ளி ஆசிரியர் உலகுக்குக் காட்டிய ஈர்ப்பு



அறிவியல் பாடவேளையில் ஒரு மாணவர், “குழாய் நுனியில் தொங்கும் நீர்த்துளி ஏன் சற்று நேரம் விழாமல் நிற்கிறது, ஐயா?” என்று வினவினார். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதே காரணம் என்றேன். மூலக்கூறுகளுக்கிடையே இத்தகைய ஈர்ப்பு உண்டென்பதை வாயுக்களின் ஆய்வில் வலுவாக நிலைநாட்டியவர் யார் தெரியுமா? நம்மைப் போலவே தொடக்கப்பள்ளியில் கற்பித்த ஓர் ஆசிரியர்!

யோகானஸ் டிடெரிக் வான் டெர் வால்ஸ் 1837ஆம் ஆண்டு நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பிறந்தார். தந்தையார் தச்சர். பத்துப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியேற்று, பணியிலிருந்தவாறே தேர்வுகள் எழுதித் தலைமையாசிரியர் தகுதியும் பெற்றார். ஆயினும், பல்கலைக்கழகக் கதவு அவருக்கு மூடியே இருந்தது. இலத்தீனும் கிரேக்கமும் கற்றவர்களே பட்டத் தேர்வு எழுதலாம் என்பது அக்கால விதி. ஏழைப் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளில் அம்மொழிகள் கற்பிக்கப்படவில்லை.

அவர் மனம் தளரவில்லை. 1862 முதல் 1865 வரை, ஓய்வு நேரத்தில் லெய்டன் பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்டார். பின்னர் டெவன்டரிலும் தி ஹேக் நகரிலும் இடைநிலைப் பள்ளி ஆசிரியரானார். மொழி நிபந்தனையிலிருந்து விலக்குக் கிடைத்ததும், 1873இல் தம் 35ஆம் வயதில் முனைவர் பட்ட ஆய்வேட்டை வழங்கினார்.

அவ்வாய்வு கூறியது என்ன? வாயுவின் அழுத்தத்தை இரு மடங்காக்கினால் கனவளவு பாதியாகும் என்பது 1662இல் பாயில் வெளியிட்ட விதி. ஆனால், மிகுந்த அழுத்தத்தில் வாயுக்கள் இவ்விதியினின்று விலகுகின்றன. வான் டெர் வால்ஸ் இதற்கு இரு காரணங்களைக் காட்டினார். மூலக்கூறுகள் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மேலும், அவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இவ்விரண்டையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். வாயுவும் திரவமும் வெவ்வேறு இயல்புடையன அல்ல. ஒரே மூலக்கூறுகளின் இரு நிலைகளே என்பது தெளிவாயிற்று. கரியமில வாயுவை 31 பாகை செல்சியசுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க இயலாது என்று ஆண்ட்ரூஸ் 1869இல் அறிவித்த புதிருக்கும் விடை கிடைத்தது. அவ்வெப்பநிலைக்கு மேல் மூலக்கூறுகளின் வேகத்தை ஈர்ப்பால் வெல்ல முடிவதில்லை.

புகழ்பெற்ற மேக்ஸ்வெல் இவ்வாய்வைப் பாராட்டினார். 1877இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. 1880இல் அவர் வகுத்த மற்றொரு விதி, வாயுக்களைத் திரவமாக்க முயன்றோருக்கு வழிகாட்டியது. 1908இல் காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அதுவும் அதே லெய்டன் நகரில்! 1910இல் வான் டெர் வால்ஸ் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார், 1923இல் மறைந்தார்.

ஈர்ப்பு இருப்பதைக் காட்டிய அவரால் அது தோன்றும் காரணத்தை விளக்க இயலவில்லை. மின்முனைப்பு அற்ற மூலக்கூறுகளும் ஈர்ப்பது எவ்வாறு என்பதற்குக் குவாண்டம் இயற்பியலின் துணையோடு ஃபிரிட்ஸ் லண்டன் 1930இல் விளக்கம் தந்தார். இன்று அவ்வகை மென்விசைகள் ‘வான் டெர் வால்ஸ் விசைகள்’ என்றே வழங்குகின்றன.

அன்பார்ந்த பெற்றோர்களே, ஒரு தேர்வின் முடிவைக் கண்டு, “இவனுக்கு அறிவியல் வராது” என்று நாம் எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். நானும் அவ்வாறு கூறியதுண்டு. இன்று அதற்காக வருந்துகிறேன். ஒரு விதி விலக்கப்படாதிருந்தால், தச்சர் மகனின் ஆய்வு பல்கலைக்கழக வாசலிலேயே நின்றிருக்கக்கூடும். நம் பிள்ளைகளின் முன்னே அத்தகைய கதவை நாமே மூடலாமா? சிந்திப்போம்.