சுழல் (வலைத் தொடர்)

சுழல், அம்மன் திருவிழா நடக்கும் சிற்றூர்களைக் களமாகக் கொண்ட தமிழ்த் துப்பறியும் வலைத் தொடர். புஷ்கர்–காயத்ரி இணையர் உருவாக்கிய இதன் முதல் பருவம் 2022 ஜூன் 17 அன்றும், இரண்டாம் பருவம் 2025 பிப்ரவரி 28 அன்றும் அமேசான் பிரைம் வீடியோவில் வெளியாயின. முதல் பருவத்தைப் பிரம்மாவும் அனுசரணும், அடுத்ததைப் பிரம்மாவும் சர்ஜுனும் இயக்கினர். இசை சாம் சி.எஸ்.

முதல் பருவத்தின் களம் சாம்பலூர் என்னும் கற்பனை ஊர். மயானக் கொள்ளை விழா தொடங்கும் வேளையில் அங்குள்ள சிமென்ட் ஆலை தீப்பற்றி எரிகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் (பார்த்திபன்) மகள் நிலா காணாமல் போகிறாள். சப்-இன்ஸ்பெக்டர் சக்கரை (கதிர்) துப்புத் துலக்க, நிலாவின் அக்கா நந்தினி (ஐஸ்வர்யா ராஜேஷ்) ஊர் திரும்புகிறாள். வேலைநிறுத்தம், காதல் என்று வெளியே தேடப்படும் குற்றத்தின் வேர் கடைசியில் வீட்டுக்குள் இருப்பது தெரியவருகிறது.

இரண்டாம் பருவம் காளிப்பட்டினம் என்னும் கடலோர ஊருக்கு நகர்கிறது. அஷ்டகாளித் திருவிழாவின்போது வழக்கறிஞர் செல்லப்பா (லால்) கொல்லப்படுகிறார். எட்டு இளம்பெண்கள் சிக்குகிறார்கள், ஒவ்வொருத்தியும் தானே கொன்றதாகச் சொல்கிறாள்.

ஊரின் பெயர் கற்பனையானாலும், விழாவின் சாயல் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தை நினைவூட்டும். குலசை முத்தாரம்மன் கோயில் தசராவில் மாலை போட்டு விரதம் இருந்த பக்தர்கள் காளி, குறவன், குரங்கு, ராஜா, போலீஸ் என்று வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை பிரித்து, அதைக் கோயில் உண்டியலில் செலுத்துகிறார்கள். காளி வேடம் கட்டுபவருக்குச் சடைமுடி, கிரீடம், கோரைப்பல், பின்புறம் கட்டிய மரக்கைகள் எல்லாம் உண்டு. முகச்சாயம் பூசியபின் பக்கத்து வீட்டுக்காரரையே அடையாளம் காண்பது கடினம். பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் நடக்கும்.

ஊரே முகம் மறைத்துத் திரியும் நாட்கள் துப்பறியும் கதைக்கு வசதியானவை. சாட்சியால் முகத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. பந்தோபஸ்துக்கு ஓடும் காவல்துறைக்கு விசாரிக்க ஆள் போதாது. கொடி இறங்கிவிட்டால் வெளியூர்க் கூட்டம் கலைந்துவிடும் என்ற கெடுவும் இருக்கிறது. முதல் பருவத்தில் விழாச் சடங்கும் விசாரணையும் ஒன்றோடொன்று இறுகப் பின்னியிருக்கின்றன. இரண்டாவதில் எட்டுக் காளிகளுக்கு எட்டுப் பெண்கள் என்ற ஒப்புமை தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுவதால் மர்மம் சற்று நீர்த்துப்போகிறது. துப்பறியும் கதை என்ற அளவில் முதல் பருவமே வலுவானது.