கொடுத்தவருக்கும் ஒரு கதிரை

லண்டன் வைத்தியசாலை ஒன்றின் நோயியல் ஆய்வுகூடத்தில் நான் வேலை பழகிய நாட்களில், வெட்டியெடுத்த மார்புக் கட்டி ஃபோமலினில் ஊறியபடி எங்களிடம் வரும். அதைத் துண்டாக்கி, நீரகற்றி, மெழுகில் பதித்து, நாலு மைக்ரோன் தடிப்பில் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவோம். வைத்தியர் நோயை எழுதி முடித்ததும் மிஞ்சிய மெழுகுக் கட்டி அலுமாரிக்குப் போகும். பின்னர் யாராவது அதை ஆராய்ச்சிக்கு எடுத்தால், அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குள் இருந்ததில்லை. வெட்டியெடுத்தது வைத்தியசாலைக்கு என்பதே அன்றைய வழக்கம்.

அந்த வழக்கம் உடைந்தது லிவர்பூலில். பிறிஸ்டல் வைத்தியசாலையின் குழந்தை இருதய சத்திரசிகிச்சைகள் பற்றி நடந்த விசாரணையில், 1999இல் சாட்சி சொன்ன ஒரு பேராசிரியர், இறந்த குழந்தைகளின் இருதயங்கள் லிவர்பூலின் ஆல்டர் ஹே சிறுவர் வைத்தியசாலையில் பெருந்தொகையாக இருப்பதாகச் சொன்னார். 2001 ஜனவரியில் வெளிவந்த றெட்ஃபேர்ன் அறிக்கை, பெற்றோருக்குத் தெரியாமல் உறுப்புகள் எடுத்து வைக்கப்பட்டிருந்ததை உறுதிசெய்தது. ஒரே பிள்ளையை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அடக்கம் செய்த பெற்றோர் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு எங்கள் அலுமாரிகளைப் பழைய கண்ணால் பார்க்க என்னால் முடியவில்லை.

அதன் விளைவாகப் பிறந்ததுதான் 2004ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் 2006 செப்டெம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல்தான் அதன் அடித்தளம். ஒரு விதிவிலக்கும் உண்டு: உயிரோடிருக்கும் நோயாளரின் மிச்சத் திசுவை, ஆள் இன்னார் என்று ஆய்வாளருக்குத் தெரியாதபடி செய்து, அறநெறிக் குழுவின் அனுமதியும் பெற்றால், ஒப்புதல் இன்றியும் ஆராய்ச்சிக்கு எடுக்கலாம். கையெழுத்து இட்டாலும் இடாவிட்டாலும், அதற்குப் பிறகு வரும் கேள்விகளைச் சட்டம் நோயாளரிடம் விடவில்லை. யாருக்குத் திசு கொடுப்பது? யாருக்கு மறுப்பது? மருந்துக் கம்பெனி வந்து கேட்டால் என்ன செய்வது?

அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்க வழக்கொன்று காட்டியது. சென்ற் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் புரொஸ்டேட் புற்றுநோய்த் திசுக்களைச் சேர்த்துவந்த வில்லியம் கற்றலோனா என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 2003இல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஏறத்தாழ 6,000 நோயாளர் தங்கள் மாதிரிகளை அவரிடமே அனுப்பும்படி எழுதிக் கொடுத்தார்கள். மாதிரிகள் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம் என்று 2006இல் தீர்ப்பு வந்தது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. அத்தனை பேர் சேர்ந்து கேட்டும் அவர்கள் சொல் ஏறவில்லை. முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

பிரித்தானியாவில் அந்த மேசையைத் தேடிப் போனவர்கள் புற்றுநோயோடு வாழ்ந்த பெண்கள். 2009இல் ‘இன்டிபென்டன்ற் கான்சர் பேஷன்ற்ஸ் வொய்ஸ்’ என்ற நோயாளர் அமைப்பு உருவானது. அடுத்த ஆண்டு, பிரெஸ்ற் கான்சர் கம்பெய்ன் என்ற தொண்டு நிறுவனம் லண்டன், லீட்ஸ், நொட்டிங்ஹாம், டண்டி ஆகிய நான்கு இடங்களை இணைத்து மார்பகப் புற்றுநோய்த் திசு வங்கியைத் தொடங்கியது. நல்ல திசு போதாமை ஆராய்ச்சிக்குப் பெருந்தடையாக இருந்த காலம் அது. அந்த வங்கியின் நிர்வாகத்தில் விஞ்ஞானிகளோடு நோயாளர் பிரதிநிதிகளும் அமர்ந்தார்கள்.

அப்படியானவர்கள் என்ன கேட்பார்கள் என்பதை எங்கள் வைத்தியசாலைக் கூட்டமொன்றில் நேரில் கண்டேன். நாங்கள் இரகசியம் காப்பது பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தோம். மார்பு அகற்றப்பட்ட ஒரு அம்மா குறுக்கிட்டார். “என்னுடையதை ஆராய்ச்சிக்கு எடுத்தீர்களா, இல்லை இன்னும் குளிர்பெட்டியிலேயே வைத்திருக்கிறீர்களா?” பதில் சொல்ல எவரிடமும் கணக்கு இருக்கவில்லை. திசுவைக் காப்பாற்றுவதே கடமை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதைப் பயன்படுத்தாமல் கிடத்துவதுதான் அவருக்கு அவமதிப்பு. தகவல் தாளை நோயாளருக்கு எப்போது கொடுப்பது என்பதையும் அவரே கிளப்பினார். சத்திரசிகிச்சை அன்று காலையில் நீட்டினால் யார் அதை வாசிப்பார்கள்?

இந்தக் கேள்விகள் ஆய்வுகூட வேலையைத் தொடுபவை. திசுவிலுள்ள ஆர்.என்.ஏ. என்ற மரபுச்செய்தி மூலக்கூறு வெகு விரைவில் சிதையும். ஆதலால் ஃபோமலின் படுமுன்னரே துண்டை வாங்கி, பூச்சியத்துக்குக் கீழே 80 பாகையில் உறையவைக்க ஒருவர் சத்திரசிகிச்சைக்கூட வாசலில் காத்திருக்க வேண்டும். அந்த உழைப்புக்குப் பணம் ஒதுக்கும் முடிவு மேசையில்தான் எடுக்கப்படுகிறது.

ஆகவே, புதிதாகத் திசு வங்கி தொடங்குவோரிடம் நான் கேட்பது இதுதான். தகவல் தாள் அச்சாகுமுன்னரே நோயாளரை அழையுங்கள். ஒருவரைத் தனியே இருத்தாமல் இருவரையாவது இருத்துங்கள். பயணச் செலவைக் கொடுங்கள், வாக்கும் கொடுங்கள். லண்டனில் சிகிச்சை பெறும் எங்கள் தமிழ்ப் பெண்களுக்கும் சொல்கிறேன்: படிவத்தில் கையெழுத்திடும்போதே, “இந்த வங்கியை நடத்தும் குழுவில் எங்களைப் போல எத்தனை பேர் இருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். ஒருவரும் இல்லை என்று பதில் வந்தால், உங்கள் பெயரைக் கொடுங்கள்.