சட்டம் அளந்த குழல்: தமிழகத்தில் ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கியின் வரலாறு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் உள்ள பெருமுக்கல் மலைக்கோட்டை, வந்தவாசிப் போர் முடிந்த கையோடு 1760-ல் ஆங்கிலத் தளபதி கூட்டின் படையிடம் வீழ்ந்தது. அங்கே முழங்கிய துப்பாக்கிகள் போர் வரலாற்றுக்கு உரியவை. இக்கட்டுரை பேசுவது, அடுத்த நூற்றாண்டில் கப்பலில் வந்திறங்கிய வேறு வகையைப் பற்றி: ஐரோப்பியப் பட்டறைகளில் வேட்டைக்கென்றே செய்யப்பட்ட துப்பாக்கி. எந்த விலங்குக்கு எந்தக் குழல் என்பதே வேட்டை நூல்களின் ஓயாத பேச்சு. ஆனால் இந்தியாவுக்கு வந்த குழல்களின் அளவைத் தீர்மானித்ததில் யானைக்கும் காட்டெருமைக்கும் இருந்த பங்குக்குக் குறையாத பங்கு அரசின் அச்சத்துக்கும் இருந்தது.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். பெருமுக்கல்லுக்குக் கிழக்கே உப்பளமும் கழுவேலிச் சதுப்பும் விரியும் தட்டை நிலத்தில், குழலுக்குள் புரி வெட்டிய ரைபிளுக்கு வேலை குறைவு. தடுக்க மேடில்லாத வெளியில் குறி தவறிய குண்டு எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளானும் கிளுவையும் எழும்பும் சதுப்பில் ரவை சிதறும் வழவழத்த குழலே பயன்படும்; ஆங்கிலேயர் கொண்டாடிய உள்ளான் வேட்டை முழுக்க 12 போர் (bore) இரட்டைக்குழல் துப்பாக்கியின் ஆட்டம். தென்னாட்டில் ரைபிளின் களம் நீலகிரி, ஆனைமலை போன்ற மலைக்காடுகள். சமவெளியில் அதற்கு வாய்த்தது பெரும்பாலும் வெளிமான்தான்.

அந்த ரைபிள் அறுபது ஆண்டுகளுக்குள் அடையாளமே மாறிப்போனது. இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 1840-ல் பிரிஸ்டல் நகரின் கிப்ஸிடம் செய்துகொண்ட துப்பாக்கி 21 பவுண்டு எடை. குண்டு 3 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 85 கிராம். ஒரு வெடிக்கு 16 டிராம் கருமருந்தை வாய்வழியே போட்டுக் கெட்டிக்க வேண்டும். சுட்டதும் எழும் புகையில் யானை செத்ததா, தன்மேல் பாய்கிறதா என்பதே தெரியாது. 1860-களில் பின்பக்கம் தோட்டா போடும் முறை பரவியது. 1898-ல் லண்டன் ரிக்பி நிறுவனம், புகை எழாத கார்டைட்டைக் கொண்டு .450 நைட்ரோ எக்ஸ்பிரஸை வெளியிட்டது. அதன் குண்டு வெறும் 31 கிராம். வேகமோ நொடிக்கு 2,000 அடிக்கு மேல். கனம் செய்த வேலையை வேகம் எடுத்துக்கொண்டது. சென்னையில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையின் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. தோட்டத்துரைகளுக்கும் ஜமீன்தார்களுக்கும் நேரம் பார்க்கவும் குறி பார்க்கவும் ஒரே கடை.

புதிய தோட்டாவோடு ஒரு தொல்லையும் வந்தது. அதன் பற்றுமருந்தில் (primer) இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலுக்குள் படியும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும்; எண்ணெயில் கரையாது. கொதிநீர் ஊற்றிக் கழுவித் துடைத்த பிறகே எண்ணெய் போட வேண்டும். உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் ஓர் இரவு சோம்பினாலே குழலில் துரு ஏறத் தொடங்கிவிடும். இன்று கைமாறும் பழைய குழல்களின் உட்புறக் குழிகளில் பலவும் இந்தச் சோம்பலின் தடங்கள்.

இனிச் சட்டம். வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. அதன் விதிகள் ஐரோப்பியருக்கு விலக்களித்தன. அடுத்த ஆண்டே வந்த நீலகிரி வேட்டைப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்குள்ளும் ஒழுங்கைக் கொண்டுவந்தது. 1907-ல் அரசு .450 அளவு ரைபிள்கள் இந்தியாவுக்குள் வரத் தடை போட்டது. மார்ட்டினி–ஹென்றி என்ற படைத்துப்பாக்கியின் அளவும் அதுவே. வேட்டைத் தோட்டாவின் குண்டு கலகக்காரர் கையில் சிக்கிய படைத்துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடக்கூடும் என்ற பயம். துப்பாக்கி செய்வோர் தடையை எதிர்த்து நிற்கவில்லை, அளவை மாற்றிக்கொண்டார்கள். .465, .470, .475 எண் 2 என்று தோட்டாக்கள் வரிசைகட்டின. இன்று சேகரிப்பாளர்கள் போற்றும் .470-க்கு முதல் உந்துதல் தந்தது எந்த விலங்குமல்ல, ஓர் அரசாணை.

அந்தப் பயம் வெற்றுக் கற்பனையும் அல்ல. பெருமுக்கல்லுக்குத் தெற்கே, ஆங்கிலச் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகிய வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கியால். வேட்டைக்காரரின் குழலைச் சட்டம் அளந்துகொண்டிருக்க, ஆபத்து சட்டைப்பையில் அடங்கும் கருவியில் வந்தது. 1920 ஆயுத விதிகள் லைசென்ஸ் விலக்கில் இருந்த இன வேறுபாட்டை நீக்கின; அதன்பின் பட்டமும் நிலவுடைமையும் சலுகைக்கு அளவுகோலாயின.

.315 கதையும் இதே வழிதான். படைக்குரிய .303 தோட்டா பொதுமக்களுக்கு விலக்கப்பட்டதால், ஆஸ்திரிய மான்லிக்கர் மரபின் 8 மி.மீ. தோட்டா இந்தியாவில் .315 ஆகி நிலைத்தது. பேரரசு போன பிறகும் அரசுத் தொழிற்சாலை அந்த அளவிலேயே ரைபிள் செய்துவந்தது. தடையால் பிறந்த குழந்தை தடை போட்டவரை விட நீண்ட நாள் வாழ்ந்தது வேடிக்கை.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை உலகை அநேகமாக முடித்துவைத்தது. கழுவேலியே 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. ஆனால் வேட்டை நின்றதால் துப்பாக்கிகள் மறைந்துவிடவில்லை. பேரப்பிள்ளைகள் கைக்கு வந்தன. ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்றிருந்ததை ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது. குடும்பச் சொத்தாக வந்ததற்கும் அதே கணக்கு. பழமைக்கென்று 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள ஆயுதத்துக்கே அது பொருந்தும். பேக்கர் காலத்துக் கருமருந்துக் குழலை இயங்கும் நிலையில் காப்பாற்ற நினைப்பவர் லைசென்ஸுக்கு அலைய வேண்டும். அலைய விரும்பாதவர், துருவை வெந்நீர் ஊற்றித் தடுத்த தாத்தாவின் துப்பாக்கியைத் தாமே முடக்க வேண்டும். அருங்காட்சியகப் பொருளையும் சுடும் கருவியையும் இதைவிட நுட்பமாகப் பிரிக்கும் விதி நமக்கு இன்னும் தேவைப்படுகிறது.