காட்ரிங்டன் என்றொரு பேர்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் காட்ரிங்டன் ஒரு சின்ன ஊர். ஊர்ப்பேர் குடும்பப்பேராயிற்று. அங்கே அது அரிதான பேர். கரீபியன் தீவான பார்படாசிலோ கறுப்பு மக்கள் அந்தப் பேரோடு இருக்கிறார்கள். எப்படி? கரும்புதான் கொண்டுபோச்சு.

1710இல் செத்த கிறிஸ்டோபர் காட்ரிங்டன், பார்படாசிலிருந்த தன் இரண்டு கரும்புத் தோட்டங்களை அடிமைகளோடு சேர்த்து எஸ்.பி.ஜி. மிஷனுக்கு உயில் எழுதிவைத்தான். எங்க பாட்டி ஆயுசுக்கும் 'எஸ்.பி.ஜி. கோயிலு'ன்னு சொல்லிக்கிட்டிருந்ததே, திருநெல்வேலிச் சீமையில் நம்ம சனங்களுக்கும் ஞானஸ்நானமும் எழுத்தும் கொடுத்ததே, அதே சபைதான். அங்கே, ஆரம்ப வருஷங்களில், புதிதாக வாங்கிய அடிமைகளின் நெஞ்சில் 'சொசைட்டி' என்று காய்ச்சிய இரும்பால் சூடுபோட்டது. படித்தபோது கை நடுங்கிப்போச்சு.

தோட்டத்துக் கணக்கில் அடிமைக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பேர்தான். 1834இல் அடிமைமுறை ஒழிந்தபின் பலருக்கும் முதலாளியின் பேரே குடும்பப்பேராக ஒட்டிக்கொண்டது. ரத்த உறவு என்று நினைத்துவிட வேண்டாம். (சில இடங்களில் அதுவும் உண்டு; அது வேறு கொடுமை.)

வடக்கே பார்புடா தீவையே அந்தக் குடும்பம் 1685 முதல் குத்தகைக்கு வைத்திருந்தது. அங்கிருக்கும் ஒரே ஊருக்கும் காட்ரிங்டன்தான் பேர்.

2006இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை மன்னிப்புக் கேட்டது. பாட்டி இருந்திருந்தால் இதையெல்லாம் அதுகிட்டச் சொல்லியிருப்பேனா, தெரியல.