பொன் விளைந்த ஊரில் எஞ்சியவை

கோலார் தங்கவயலைக் காண இன்று வெளியூர் மக்கள் வருகின்றனர். 2018இலும் 2022இலும் வெளிவந்த இரு திரைப்படங்கள் அவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. வருவோர் சயனைடு மேட்டில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பழைய தங்கச் சுரங்கமொன்று 1987இல் கேளிக்கைத் தலமாயிற்று. இங்கும் அவ்வாறு செய்யலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகின்றது. எழட்டும், ஆனால் எதைக் காட்டப் போகிறோம்?

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே கால்பதித்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூரு நகருக்கே அது பின்னர்தான் கிடைத்தது. இவற்றையெல்லாம் பெருமையோடு சொல்வோர், பாறையைக் குடைந்தவர் யார் என்பதை விரைந்து கடந்துவிடுகின்றனர். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிச் சென்ற தமிழர், பெரும்பாலும் தலித் மக்கள், அவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, 60 பாகையைத் தாண்டும் பாறை வெப்பத்தில் உழைத்தனர். பாறை வெடிப்பில் பலர் மாண்டனர்; பாறைத்தூள் பலருடைய நுரையீரலைத் தின்றது. எனினும் அவர்கள் வாய்பேசாக் கூலிகளாய் இருந்துவிடவில்லை. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்தனர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதும் இவர்களிடையேதான்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையோரப் பங்குகளில் வாழும் நமக்கு இது தொலைவான கதையன்று. இங்கும் வெளியூர்ப் பிள்ளைகளே ஆலைகளை நடத்துகின்றனர். நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியதைக் கண்டோம். ஆயினும் ஆலைக் கட்டடத்துக்குள் இன்னொரு தொழில் குடிபுகலாம். சுரங்கத்துக்கு அவ்வழி இல்லை. 2001 பிப்ரவரி 28இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் நீரிறைப்பு நின்றது. ஆழங்களில் தண்ணீர் நிறைந்தது. எஞ்சியவை கழிவு மேடுகளும் நெருக்கமான லைன் வீடுகளும்தாம். காற்று வீசும் காலத்தில் மேட்டுத் தூசி அவ்வீடுகளின் சோற்றுப் பானைவரை வருகின்றது.

படம் எடுப்போர் அங்கு சென்று சேர்வதற்கு முன்பே, அவ்வீட்டு இளைஞர் ஆயிரக்கணக்கில் பெங்களூரு இரயிலில் வேலைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர்.