வீட்டுக் காற்றின் ஈரம்: புதுக்கோட்டை வட்டாரம்

குளிர்காலத்தில் வீட்டுக் காற்றுக்கு ஈரம் ஊட்ட வேண்டும் என்னும் உபதேசம் பனிப் பிரதேசங்களில் பிறந்தது. பூஜ்யம் பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 5 கிராம் நீராவியையே தாங்கும். 20 பாகையிலோ 17 கிராம் வரை தாங்கும். ஆகவே, வெளியிலிருந்து வரும் குளிர்ந்த காற்றைக் கணப்பு மூட்டிச் சூடாக்கும்போது, அதிலுள்ள நீராவி கூடாமல் தாங்கும் சக்தி மட்டும் கூடுவதால், சார்பு ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, உதடு வெடித்து, நாசியின் உட்சவ்வு காய்ந்து, மரச் சாமான்கள் பிளவு காண்கின்றன. அங்கே நீராவி ஊட்டும் கருவியால் சுவாசத்துக்கும் சருமத்துக்கும் சுகம் உண்டு. 40 முதல் 60 சதவீதம் வரையுள்ள ஈரமே வசிப்பதற்கு ஏற்றது என்பர். அதற்கு மிஞ்சினால் பூஞ்சணம் பற்றும்.

புதுக்கோட்டையில் நிலைமை நேர்மாறானது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்து, மார்கழிப் பனி இறங்கும் நாட்களில், ஜாடியிலுள்ள கல்லுப்பு கசியும். கொடியில் போட்ட வேஷ்டி இரண்டு நாளாகியும் காயாது. சித்திரையில் விரல் பட்டாலே திறந்த கதவு உப்பி, தோள் கொடுத்துத் தள்ளினாலன்றி நகராது. அப்பருவத்தில் இவ்வூர் வீட்டுக்கு வேண்டுவது வெயிலும் காற்றோட்டமுமே. வறட்சி என்பது பங்குனி முதல் ஆடி வரை வருவது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வரும் மேல்காற்று செம்மண் புழுதியை வாரி வீசும் காலமும் அதில் அடங்கும்.

அந்த வறட்சிக்குப் பரிகாரம் வீட்டின் அமைப்பிலேயே இருந்தது. ராயவரம், குழிபிறை, கோனாபட்டு, பனையப்பட்டி முதலிய ஊர்களிலுள்ள நகரத்தார் வீடுகளில் முகப்பைக் கடந்தால் வளவு. அதன் நடுவே வானம் பார்த்த முற்றம். ஓட்டுச் சரிவில் வழியும் மழைநீர் முற்றத்தில் விழ, அதை அண்டாக்களில் பிடித்துக்கொள்வார்கள். கோடையின் உச்சிவேளையில் முற்றத்துக் கல்லில் நாலு செம்பு நீர் தெளித்தால், கல் சீறி, நீர் கண்ணெதிரே சுருங்கி மறையும். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி உஷ்ணத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து கவர்ந்துகொள்வதால், தாழ்வாரத்தில் படுத்திருப்பவருக்கு ஈரமும் குளிர்ச்சியும் ஒருங்கே கிட்டும். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் மிகுந்த ஈரத்தை உறிஞ்சி, காற்று வறளும்போது திரும்பக் கொடுக்கும். சிமெண்டுக்கு மேல் வர்ணம் பூசிய சுவரிடம் அந்தத் தாராளம் இல்லை. முற்றமில்லாத வீட்டில் வாயிற்புறம் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிப்பதும் அதே நியாயத்தைப் பற்றியதுதான். ஆனால் கொண்டல் வீசிப் புழுங்கும் நாளில் இவ்வுபாயம் பலியாது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் தெளித்த நீர் எளிதில் ஆவியாகாமல் புழுக்கத்தையே மிகுவிக்கும்.

இன்று ஏசி வைத்த படுக்கையறையில்தான் மேல்நாட்டுக் குளிர்காலத்தின் சாயல் சற்றே எட்டிப்பார்க்கிறது. தொண்டை வறண்டு விடியலில் எழுபவர்கள் கட்டிலடியில் வட்டாவில் நீர் வைப்பதுண்டு. அகலம் குறைந்த பாத்திரத்திலிருந்து குளிர்ந்த அறையில் எழும் ஆவி சொற்பமாகையால் அதனால் பெரும் பயன் இல்லை; நனைத்துப் பிழிந்த துண்டைக் கொடியில் விரித்துப் போடுவது மேல். அவ்வறைக் காற்று இழந்த ஈரமோ, ஜன்னலுக்கு வெளியே குழாய்வழி ஒழுகி, பிளாஸ்டிக் வாளியில் இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். காலையில் அதைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவார்கள்.